வவுச்சர் இல்லாத வேலை

எங்கள் வீட்டில் காகிதத்துக்கு மரியாதை கொடுப்பவன் நான் ஒருவன்தான். 26 வருடமாக ஆடிட்டர் ஆபீஸில் வேலை. டீச்செலவு 40 ரூபாய் என்று யாராவது எழுதினால்கூட, ‘வவுச்சர் எங்கே?’ என்று கேட்டுப் பழகிய வாய் இது. என் மனைவி டாக்டர். தென்மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில், குழந்தைகள் நலத் துறையில் உதவிப் பேராசிரியராக 2012-ல் சேர்ந்தவள். அவளுக்குத் தெரிந்த காகிதம் கேஸ் ஷீட் மட்டும்தான். அதைத் தாண்டி எதையும் எழுதிவைக்க மாட்டாள். கேட்டால், “வேலை செய்யறதா, செஞ்சேன்னு எழுதிக்கிட்டு இருக்கறதா?” என்பாள்.

2023-ல் கல்லூரியிலிருந்து பதவி உயர்வுக்கான விண்ணப்பம் வந்தது. ஒரு வாரம் அது ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. மேலே எலுமிச்சம்பழக் கூடை.

“டாக்டருக்கு எதுக்குடா பதவி உயர்வு? டாக்டர்னா டாக்டர்தானே?” என்று என் அம்மா கேட்டார். உங்களில் சிலருக்கும் அந்தச் சந்தேகம் வரலாம். மருத்துவக் கல்லூரியில் இருப்பவர்கள் நோயாளியைப் பார்ப்பதோடு மாணவர்களுக்கும் பாடம் எடுக்கிறார்கள். உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று அதற்குப் படிகள் உண்டு. படி ஏறினால் சம்பளம் கொஞ்சம் கூடும். அதைவிட, என்ன கற்றுத்தர வேண்டும், எப்படித் தர வேண்டும் என்று துறையில் முடிவெடுக்கும்போது உட்கார ஒரு நாற்காலி கிடைக்கும். நாளைக்கு உங்கள் பேரக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் பார்க்கப்போகிற டாக்டர், இன்றைக்கு யாரிடம் கற்றுக்கொள்கிறார் என்பது சின்ன விஷயம் இல்லையே!

அன்றைய விதி இதுதான். உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியர் ஆக 4 வருடப் பணி வேண்டும். 2 ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். மருத்துவக் கல்வி பற்றிய அடிப்படைப் பயிற்சி ஒன்று, மருத்துவ ஆராய்ச்சி பற்றிய அடிப்படைப் பயிற்சி ஒன்று என இரண்டு சான்றிதழ்கள் வேண்டும். இரண்டாவது பயிற்சியைச் சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இணையவழியில் நடத்துகிறது. என் மனைவி அதை இரவு பத்து மணிக்கு மேல், பையனைத் தூங்கவைத்துவிட்டு, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு முடித்தாள்.

கட்டுரை என்றால் எந்தக் கட்டுரை என்பதற்கும் கணக்கு உண்டு. 2015-ல் அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில், இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழ்களைச் சேர்க்க முடியாது என்று ஒரு சுற்றறிக்கை விட்டது. 2020 பிப்ரவரியில் வந்த திருத்தம் கதவைக் கொஞ்சம் திறந்தது. ஒரே மாதிரி நோயாளிகள் பலரைத் தொகுத்து எழுதுகிற கட்டுரையும் செல்லும் என்றது. ஆனால் எழுதியவர் பட்டியலில் முதல் மூன்று பெயர்களுக்குள் இருக்க வேண்டும். அல்லது இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் பொறுப்பாசிரியராக இருக்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் கவுன்சிலின் இடத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. அதன் பிறகும் விதிகள் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. வீட்டில் யாராவது இந்த வேலையில் இருந்தால், பக்கத்து அறைக்காரர் சொன்னதை நம்பாமல் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

என் மனைவியின் பெயர் இருந்த கட்டுரைகள் நான்கு. அதில் இரண்டில் அவள் பெயர் ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் இருந்தது. ஒன்றுக்கு வார்டில் ராத்திரி ராத்திரியாக விவரம் சேகரித்தவள் அவள்தான். முதல் மூன்று பெயர்களில் ஒருவர் அந்த நோயாளிகளைப் பார்த்ததே இல்லை. யார் ஆசிரியர் என்று போட்டுக்கொள்ளலாம் என்பதற்கு உலக அளவில் மருத்துவ இதழாசிரியர்கள் சேர்ந்து நெறிமுறை வைத்திருக்கிறார்கள். அவர்கள் முதன்முதலில் கூடியது 1978-ல், கனடாவின் வான்கூவரில். உண்மையான பங்களிப்பு இருக்க வேண்டும், எழுதுவதிலோ திருத்துவதிலோ கை இருக்க வேண்டும், இறுதி வடிவத்தைப் பார்த்துச் சம்மதித்திருக்க வேண்டும், நாளை கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும். நான்கும் சேர்ந்து இருந்தால்தான் ஆசிரியர். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்று பெரியப்பா, சித்தப்பா எல்லாருடைய பெயரையும் போடுவதுபோல் இங்கேயும் போட்டுவிடுகிறார்கள்.

நல்லவேளையாக மற்ற இரண்டு கட்டுரைகளிலும் அவள் பெயர்தான் முதல். ஒன்று பச்சிளங்குழந்தை மஞ்சள் காமாலை பற்றியது. இன்னொன்று குழந்தைகளுக்கு வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் பற்றியது. செடிகொடிகளில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வருவது அது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் சட்டையைக் கழற்றிப் பார்த்தால்தான் கண்ணில் படும். ‘பாத்தாத்தான் தெரியும், பாக்கறதுக்குத்தான் ஆள் இல்ல’ என்று அவள் ஹவுஸ் சர்ஜன்களிடம் அடிக்கடி சொல்வாளாம்.

ஆக, விதிப்படி தேவையானது கையில் இருந்தது. என்னை உறுத்தியது அதற்குப் பின்னால் இருந்த ஒரு பக்கம்தான். ‘கற்பித்தல், பாடத்திட்டம், சமூகப் பணி, படைப்பாக்கம் உள்ளிட்ட இதரப் பணிகள்’ என்று ஒரு தலைப்பு. கீழே இரண்டு கோடுகள். 11 வருடத்துக்கு இரண்டு கோடு! அதில் அவள் எழுதியிருந்தது: ‘மாணவர்களுக்கு வகுப்புகள் எடுக்கப்பட்டன. விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன.’

யார் எடுத்தது? யார் நடத்தியது? கணக்கில் இப்படி எழுதினால் எங்கள் ஆபீஸில் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

“நான் எடுத்தேன், நான் நடத்தினேன்னு எழுதேன்மா” என்றேன்.

“ஐயே, தம்பட்டம் அடிச்ச மாதிரி இருக்குங்க.”

“சம்பளப் பட்டியல்ல உன் பேர் இருக்கே, அது தம்பட்டமா?”

அவள் பதில் சொல்லாமல் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

அந்த வாரக் கடைசியில் எனக்குள் இருந்த ஆடிட்டர் விழித்துக்கொண்டான். அவள் செய்த வேலைக்கு ஆதாரம் தேடுவது என்று உட்கார்ந்தேன். பழைய கைப்பைகள், ஓ.பி. சீட்டின் பின்பக்கம், போனில் ஆயிரக்கணக்கில் படங்கள், துறை வாட்ஸ்அப் குழு. மாணவர்கள் எழுதிக் கொடுத்த வாழ்த்து அட்டைகள் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் பெட்டியில் இருந்தன. எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி சமையலறையில் ஆணியில் தொங்கிய மாதக் காலண்டர்கள். பால் கணக்கு எழுதுவதற்காக ஒவ்வொரு வருடக் காலண்டரையும் அம்மா பத்திரப்படுத்தியிருந்தார். 2018 ஜூலை 29 கட்டத்தில் ‘அரை லி. மட்டும்’ என்று அம்மா கையெழுத்து. கீழே என் மனைவியின் கையெழுத்தில் ‘வில்லுப்பாட்டு, சாயங்காலம்’.

அந்த வில்லுப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கோடு வருகிற குழந்தைகளின் அம்மாக்கள், “ஓ.ஆர்.எஸ். குடுத்தேன் டாக்டர், கேக்கல” என்று சொல்வது வழக்கம். எப்படிக் கலக்கினீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டியிருப்பார்கள். உப்பு அளவுக்கு மீறி ஏறிக் குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். சிலர் வேளைக்கு ஒரு சிட்டிகை எடுத்துக் கலந்திருப்பார்கள். அளவு சரியாக இராது. 200 மில்லி தண்ணீருக்கான சின்னப் பாக்கெட்டும் கடையில் கிடைப்பதால் குழப்பம் இன்னும் கூடும். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவைப் பார்த்து முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கலக்க வேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அந்த வருட ஹவுஸ் சர்ஜன்களில் ஒரு பையன், கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு பாடுகிற குடும்பம். அவனைப் பிடித்தாள். பாட்டு இவள் எழுதினாள். டம்ளரில் கொட்டுகிற மாமியார், சிட்டிகை போடுகிற மருமகள், நடுவில் அழுகிற பிள்ளை. வார்டு ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர், படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி படஅட்டைகள் வரைந்தார். ஓ.ஆர்.எஸ். தினமான ஜூலை 29 அன்று, பக்கத்துக் கிராமத்து அம்மன் கோயில் முன்னால் வில், குடம், உடுக்கை சகிதம் இறங்கினார்கள். பின்பாட்டு ‘ஆமா’ போட வேண்டிய இடத்தில் கூட்டத்தில் இருந்த பெண்களே ‘ஆமா’ போட்டார்களாம். முடிந்ததும் ஒவ்வொரு அம்மாவிடமும் ஒரு பாக்கெட், ஒரு பாட்டில், ஒரு டம்ளர் கொடுத்து, “கலக்கிக் காட்டுங்க” என்றிருக்கிறாள். சரியாகக் கலக்கியவர்கள், தப்பாகக் கலக்கியவர்கள் என்று ஒரு நோட்டில் நாலு கோடு, குறுக்கே ஒன்று. பாட்டுக்கு முன்னால் எடுத்த கணக்கும் அதே நோட்டில் இருந்தது.

முதல் ஊரில் பாதிக் கூட்டம் நடுவிலேயே எழுந்து போய்விட்டது. சாயங்காலம் பீடிக் கட்டு ஒப்படைக்கப் போகிற நேரம். அடுத்த ஊரில் காலை பத்து மணிக்கு மாற்றினார்கள். அதையும் நோட்டின் ஓரத்தில் எழுதியிருந்தாள்.

‘இதரப் பணிகள்’ என்ற இரண்டு கோட்டுக்குள் இது எப்படி அடங்கும்?

அந்தச் சமயம் அவளோடு எம்.பி.பி.எஸ். படித்த தோழி அமெரிக்காவிலிருந்து பேசினாள். அங்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆசிரியை. ஸ்பீக்கரில் போட்டு நானும் கேட்டேன். அங்கேயும் ஒரு காலத்தில் ஆய்வுக் கட்டுரைக்குத்தான் முதல் மரியாதையாம். 1990-ல் கார்னகி அறக்கட்டளையின் எர்னெஸ்ட் போயர் என்பவர் ஒரு புத்தகம் எழுதினார். புதிதாகக் கண்டுபிடிப்பது மட்டும் புலமை இல்லை, பல துறை அறிவை இணைப்பதும், அதை நடைமுறைக்குக் கொண்டுவருவதும், கற்பிப்பதும் புலமைதான் என்றார். 1997-ல் கிளாசிக் என்பவரும் இரண்டு சகாக்களும், சரி, அதை எப்படி அளப்பது என்று ஆறு கேள்விகள் வைத்தார்கள். நோக்கம் தெளிவாக இருந்ததா, தயாரிப்பு போதுமா, வழிமுறை பொருத்தமா, விளைவு என்ன, பிறருக்குப் புரிகிறபடி எடுத்துச் சொன்னார்களா, தாங்களே திரும்பிப் பார்த்துக் குறைகளைக் கண்டார்களா? 2005-லிருந்து பாடத்திட்டம், பயிற்சிக் கருவிகளையே கட்டுரைபோல் மற்ற வல்லுநர்கள் பரிசீலித்து வெளியிடும் ஒரு தளத்தையும் அங்கே நடத்துகிறார்கள். அங்கே பதவி உயர்வுக்குப் பலர் ‘கற்பித்தல் கோப்பு’ என்று தனியாகவே ஒன்று கொடுக்கிறார்களாம்.

எனக்கு அந்த ஆறு கேள்விகள் ரொம்பப் பிடித்துவிட்டன. ஆடிட் கேள்விகள் மாதிரியே இருந்தன. வில்லுப்பாட்டை அதில் வைத்துப் பார்த்தோம். ஆறாவது கேள்விக்குப் பீடிக் கட்டே பதில்.

“அப்போ இந்த நோட்டை வெச்சு ஒரு கட்டுரையே எழுதிடலாமே!” என்றேன் உற்சாகமாக. “முடியாதுங்க” என்றாள். மனிதர்களை வைத்து ஆய்வு செய்வதென்றால் ஆரம்பிக்கும் முன்பே கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் இதை விரிவாகச் சொல்கின்றன. வில்லுப்பாட்டு ஆய்வாகத் தொடங்கியது இல்லை, வார்டு வேலையின் நீட்சி. பிற்பாடு அதற்கு ஆய்வு என்று பெயர் சூட்ட முடியாது. கோப்பில் ‘சமூகக் கற்பித்தல் பணி’ என்று உள்ளது உள்ளபடி போடலாம். அதே மாதிரி, குழந்தைகளின் முகம் தெரிகிற படங்கள், அம்மாக்கள் பெயரோடு எழுதிக் கொடுத்த நன்றிக் கடிதங்கள் எதுவும் கோப்பில் போகக் கூடாது என்று எடுத்து வைத்துவிட்டாள். நான் பொக்கிஷமாகப் பொறுக்கி வைத்ததில் பாதி அப்படியே போயிற்று. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அவள் சொன்னது சரி.

மிச்சமிருந்ததை வைத்து ஒரு இணைப்பு தயாரித்தோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம். என்ன பிரச்னை, என்ன செய்தாள், எந்தத் தேதி, எத்தனை முறை, யார் யார் கூட இருந்தார்கள், என்ன மாறியது, அதற்குச் சாட்சி எது. வகுப்புகளுக்கு வெறும் தலைப்பு போதாது என்பதால், துறையின் கால அட்டவணையிலிருந்து மணிக்கணக்கு எடுத்தோம். பாட்டின் கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்து சேர்த்தோம். படஅட்டை அடுத்த தாலுகா மருத்துவமனை வரை போயிருக்கிறது என்று அங்கிருந்த டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். தன் வேலையை வெளியில் ஒருவர் எடுத்துப் பயன்படுத்துகிறார் என்பதைவிடப் பெரிய வவுச்சர் எது? அந்தக் கடிதத்தைக் கேட்க அவளுக்கு மூன்று நாள் தயக்கம். கொடுத்தவர் அஞ்சே நிமிடத்தில் கொடுத்துவிட்டார்.

கட்டுரைகளுக்கு 16 இலக்க ஆர்க்கிட் எண் ஒன்றையும் வாங்கிக்கொண்டாள். இலவசம்தான். ஒரே பெயரில், ஒரே இனிஷியலில் பல டாக்டர்கள் இருக்கிற நம் ஊருக்கு மிகவும் தேவையான ஏற்பாடு அது. இதற்கிடையில் ‘மரியாதைக்குரிய மேடம், உங்கள் கட்டுரையை 48 மணி நேரத்தில் வெளியிடுகிறோம்’ என்று அவளுக்குத் தினம் ஒரு மெயில். பணம் கட்டினால் போதும். பதவி உயர்வு நெருங்குகிற வாசனை இவர்களுக்கு எப்படித்தான் தெரியுமோ!

சண்டை கடைசியாக வந்தது அந்த நர்ஸ் விஷயத்தில். வில்லுப்பாட்டுப் பக்கத்தில் நான் ‘படஅட்டைகள் உருவாக்கம்’ என்று இவள் பெயருக்குக் கீழே போட்டிருந்தேன். யோசனை இவளுடையது, அட்டையில் என்ன வர வேண்டும் என்று சொன்னதும் இவள்தானே?

“வரைஞ்சது சிஸ்டர். எதை எடுக்கலாம், எதை விடலாம்னு முடிவு பண்ணினதும் பாதி அவங்கதான். டம்ளர் மேல பெருக்கல் குறி போட்டா தாய்மார்களுக்குப் புரியாது, கைய வெச்சுத் தடுக்கற மாதிரி வரையலாம்னு சொன்னது அவங்க.”

“உன் ஃபைல்லதான் நீ போடறே. அவங்களுக்கு இதனால என்ன?”

“என் பேரை ஆறாவதா போட்டப்போ, அவங்களுக்கும் யாராவது இதத்தான் சொல்லியிருப்பாங்க.”

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. ‘படஅட்டைகள்: வடிவமைப்பும் வரைதலும்’ என்று நர்ஸின் பெயர், ‘கருத்தும் சரிபார்ப்பும்’ என்று இவள் பெயர், ‘மெட்டும் பாடலும்’ என்பதில் அந்தப் பையன் பெயர். ‘நடத்தப்பட்டன’ எல்லாம் போய், ‘நான் எழுதினேன்’, ‘அவர் வரைந்தார்’, ‘நாங்கள் மூவரும் திருத்தினோம்’ என்று வாக்கியங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தன. இப்படி எழுதும்போது தம்பட்டமாகத் தெரியவில்லை என்று அவளே சொன்னாள்.

இணைப்பு 11 பக்கம் வந்தது. நேர்காணல் அதைவிடச் சின்னது. கட்டுரைகள் எந்தப் பட்டியலில் இருக்கின்றன, சான்றிதழ் அசல் எங்கே, அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து இணைப் பேராசிரியர் ஆணை வந்தது. அம்மா கேசரி செய்தார். விண்ணப்பத்தோடு கொடுத்த இணைப்பை, ‘கோப்புக்குத் தேவையில்லை’ என்று பென்சிலால் எழுதி அலுவலகம் திருப்பிக் கொடுத்துவிட்டது. முனைகூட மடங்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. 11 வருட வேலையை ஒருவர்கூடப் புரட்டிப் பார்க்கவில்லையே!

அவள் கோபப்படவில்லை. அடுத்த வாரமே நெறிமுறைக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் போட்டாள். வில்லுப்பாட்டை இந்த முறை முறைப்படி, அனுமதி வாங்கி, ஆய்வாகவே நடத்தப்போகிறாளாம். விண்ணப்பத்தில் ‘முந்தைய அனுபவம்’ என்ற பகுதிக்கு அந்தப் பக்கம் அப்படியே உதவியது. எழுத உட்கார்ந்த அன்றே முடித்துவிட்டாள். காலண்டரில் பால் கணக்குக்குக் கீழே இப்போது தினமும் ஒரு வரி எழுதுகிறாள். தனி டைரி வாங்கிக் கொடுத்தேன், அது பையனின் கணக்கு நோட்டாகிவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நர்ஸ் வீட்டுக்கு வந்தார். ஒரு நர்சிங் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறாராம். ‘இதுவரை செய்த கற்பித்தல் பணி’ என்று அங்கேயும் ஒரு தலைப்பு இருக்கிறது.

“டாக்டரம்மா, அந்த வில்லுப்பாட்டுப் பக்கத்துல என் பேர் போட்டிருந்தீங்களே, அது ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா?”

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படஅட்டை அச்சாகியிருந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சார், இது மட்டும் கலர்ல எடுத்துத் தர்றீங்களா? கறுப்பு வெள்ளையில கை தெரியாது.”